அரை வெயில் பால்கனிக்கு எந்த ரோஜா வாங்கலாம்?

நர்சரிக்குப் போய் "எங்க பால்கனியில வெயில் கம்மி, எந்த ரோஜா வரும்?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் "எல்லாமே வரும், எடுத்துட்டுப் போங்க" என்பதுதான். எல்லாம் வராது. ரோஜா அடிப்படையில் வெயில் செடி, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் பட்டால்தான் அது முழுசாகப் பூக்கும். ஆனால் நம் ஊரில் வீடுகள் இருக்கிற நெருக்கத்தில், பக்கத்து வீட்டுச் சுவரும் மேல் மாடி சன்ஷேடும் மறைத்தது போக யாருக்கு ஆறு மணி நேர வெயில் மிஞ்சுகிறது? மொட்டை மாடியில் இடம் கிடைக்காத அடுக்குமாடிக்காரர்களுக்கு மூன்று மணி, நாலு மணி, நல்ல திசையாக அமைந்தால் ஐந்து மணி. அந்த நாலு மணி வெயிலிலும் விடாமல் பூக்கிற ரோஜாக்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்து எடுக்கத் தெரிந்தால் போதும். நான் இதை எழுதுவது சென்னை, திருச்சி, மதுரை மாதிரி சமவெளி ஊர்களை மனதில் வைத்து. மலை ஊர்க்காரர்களுக்குக் கணக்கு வேறு, அதையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வெயிலைக் கணக்கெடுங்கள்

செடி வாங்குவதற்கு முன்னால் ஒரு லீவு நாளில் வீட்டிலேயே இருந்து இதைச் செய்யுங்கள். தொட்டி வைக்கப் போகிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, காலை ஏழு மணியிலிருந்து மணிக்கு ஒரு தடவை போய் அந்த ஸ்டூலின் மேல் வெயில் நேராக விழுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தரையைப் பார்க்காதீர்கள், ஸ்டூல் உயரத்தைப் பாருங்கள். பால்கனிக் கைப்பிடிச் சுவர் மூன்று அடி இருந்தால் தரையில் வெயிலே விழாது, ஆனால் ஸ்டூலின் மேல் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். நிறைய வீடுகளில் ரோஜா பூக்காததற்குக் காரணம் வெறும் இதுதான்: தொட்டி சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும். ஒரு இரும்பு ஸ்டாண்டு வாங்கி ஏற்றி வைத்தால் தீர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம், ஒரு நாள் கணக்கை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நண்பகலில் நேராகத் தலைக்கு மேலே வரும். இடையில் இருக்கிற மே, ஜூன், ஜூலையில் அது கொஞ்சம் வடக்கே சாய்ந்து போகும். மற்ற மாதங்களில் தெற்கே இருக்கும், டிசம்பரில் நல்ல சாய்வு. அதனால் தெற்குப் பார்த்த பால்கனியில் மார்கழி, தை மாதங்களில் வெயில் ஹால் வரைக்கும் உள்ளே வரும், அதே பால்கனியில் ஜூன் மாதம் ஒரு பொட்டு வெயில் விழாது. வடக்குப் பார்த்த பால்கனிக்கு நேர் எதிர், வருஷத்தில் பாதி நாள் இருட்டாகவே கிடந்து, மே முதல் ஜூலை வரை காலையிலும் சாயங்காலமும் சாய்வாக வெயில் வரும். ரோஜாச் செடிகள் நர்சரியில் அள்ளிக் குவிந்திருக்கிற ஜனவரியில் தெற்குப் பால்கனியைப் பார்த்து "அஞ்சு மணி நேரம் வருதே" என்று சந்தோஷப்பட்டு வாங்கினால், ஜூனில் செடி வெறும் குச்சியாக நிற்கும். அப்போது அதை எங்கே நகர்த்துவது என்பதையும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த இடம் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம், வருஷம் முழுக்கக் காலை வெயில் உண்டு.

கிழக்கா மேற்கா என்று தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கிழக்கை எடுங்கள். கிழக்கில் நாலு மணி நேரம் என்பது மேற்கில் ஐந்து மணி நேரத்தை விட மேல். ரோஜாவின் பெரிய எதிரி கரும்புள்ளி நோய். அந்தப் பூஞ்சை முளைத்து இலைக்குள் இறங்க, இலை தொடர்ந்து சுமார் ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி முழுக்க நனைந்த இலை, கிழக்குப் பக்கம் என்றால் காலை எட்டு மணிக்கெல்லாம் காய ஆரம்பித்துவிடும். மேற்குப் பக்கம் என்றால் மத்தியானம் வரை அப்படியே ஈரத்தில் கிடக்கும். கோடையில் மேற்கின் கதை இன்னும் மோசம், ஏப்ரல், மே மாதம் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை அடிக்கிற வெயிலில் இதழ் ஓரமெல்லாம் கருகிப் பூ ஒரே நாளில் சுருண்டுவிடும். அந்த நேரத்து நிழல் நம் ஊர் ரோஜாவுக்குக் குறையே இல்லை, அது ஒரு பாதுகாப்பு. மொட்டை மாடிக்காரர்கள் காசு கொடுத்துப் பச்சை வலை கட்டி உண்டாக்குகிற நிழல் அது.

தனி வீட்டில் மரத்தடியில் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முருங்கை நிழல் நல்லது, இலை சின்னதாகச் சலசலவென்று வெயிலை விட்டு விட்டு இறக்கும். மா, பலா அடியில் வேண்டவே வேண்டாம், நிழலும் கனம், வேரும் ரோஜாவுக்குப் போடுகிற தண்ணீரையும் உரத்தையும் தின்றுவிடும். தென்னை அடியில் வெளிச்சம் பரவாயில்லை, ஆனால் தரை முழுக்க வேர் பின்னிக் கிடக்கும், அங்கே தொட்டியில் வைப்பதுதான் வழி.

பெயரை விடுங்கள், செடியின் உடம்பைப் பாருங்கள்

நம் ஊர் நர்சரிகளில் ரோஜாவுக்குப் பெரும்பாலும் பெயர்ச் சீட்டே இருக்காது. "ரெட்", "யெல்லோ", "டபுள் கலர்", அவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டாலும் செடியைப் பார்த்தே அரை வெயிலில் தாங்குமா என்று ஓரளவு கணிக்கலாம்.

ஒரே நீளக் காம்பில் ஒரே ஒரு பெரிய பூ, கூர்மையான மொட்டு, நாற்பது ஐம்பது இதழ்: இந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள். வெளிச்சம் குறைந்தால் செடி செய்கிற சாப்பாடு குறையும், அவ்வளவு பெரிய பூவை உருவாக்க அதனிடம் சத்து இருக்காது. புதுக் கிளை நன்றாகத்தான் வரும், நாமும் மொட்டு வரப் போகிறது என்று காத்திருப்போம், கடைசியில் நுனியில் மொட்டே இல்லாமல் வெறும் இலையோடு நின்றுவிடும். வெயில் போதாத ரோஜாவின் முதல் அடையாளமே இந்த மலட்டுக் கிளைதான்.

கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள் பூக்கிற செடியை எடுங்கள். ஒரு கொத்தில் பத்து மொட்டு வர வேண்டிய இடத்தில் வெயில் குறைவால் ஆறு வந்தாலும் செடி பார்க்க நிறைவாக இருக்கும். இதழ் குறைவாக இருப்பது இன்னொரு நல்ல குணம். ஐந்து இதழ் ஒற்றைப் பூவும், பதினைந்து இருபது இதழ் உள்ள அரை அடுக்குப் பூவும் நிழலிலும் சுலபமாக விரியும். அடுக்கு அதிகமான பூ ஈரக் காற்றில் விரிய முடியாமல் உருண்டையாகவே நின்று பழுப்பாகி அழுகும். நிறத்தில் என் ஓட்டு வெள்ளைக்கும் வெளிர் ரோஸுக்கும். நிழலில் அவை எடுப்பாகத் தெரியும், அடர் சிவப்பு இருட்டோடு கலந்துவிடும்.

சரி, எதைக் கேட்டு வாங்குவது?

எனக்கு முதலில் வருவது பட்டன் ரோஜா. சின்ன இலை, சின்னப் பூ, நிறைய கிளை, எப்போதும் ஏதாவது ஒரு மூலையில் மொட்டு. நாலு மணி நேரக் காலை வெயிலுக்கு இதை விட நம்பகமான ரோஜா நம் நர்சரிகளில் கிடைப்பதில்லை. எட்டு முதல் பத்து அங்குலத் தொட்டி போதும். இதற்கு ஒரே தொல்லை செம்பேன். காற்றோட்டம் இல்லாத மூலையில் வைத்தால் கோடையில் இலைக்கு அடியில் புழுதி மாதிரி ஒட்டியிருக்கும், மேல் பக்கம் இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகும். வாரம் இரண்டு தடவை காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

அடுத்தது நம் பன்னீர் ரோஜா. தமிழ்நாட்டில் மாலைக்கும் குல்கந்துக்கும் போகிற, கடைகளில் பன்னீர் ரோஜா என்று விற்கிற அந்த வெளிர் ரோஸ் பூவை விவசாயிகள் எட்வர்ட் ரோஜா என்பார்கள், திண்டுக்கல் பக்கம் நிலக்கோட்டை பூச்சந்தைக்குப் போனால் கூடை கூடையாகப் பார்க்கலாம். இது போர்பன் என்ற ரோஜா வகையைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரெயூனியன் தீவில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து உருவான வகை. டமாஸ்க்கின் வாசனையும் சீன ரோஜாவின் அடிக்கடி பூக்கிற குணமும் இதில் சேர்ந்திருக்கிறது. குச்சி நட்டே வளர்க்கலாம், ஒட்டு தேவையில்லை, அதனால் அடியிலிருந்து எந்தக் கிளை வந்தாலும் அது அதே ரோஜாதான், வெட்ட வேண்டியதில்லை. ஐந்து மணி நேரக் காலை வெயில் இருந்தால் தைரியமாக வைக்கலாம். மூன்று மணி என்றால் வேண்டாம், ஆள் உயரத்துக்கு வளர்ந்து இலையாகவே நிற்கும்.

பன்னீர் ரோஜாவை அரை வெயிலில் பூக்க வைக்க ஒரு கைவேலை இருக்கிறது. நீளமாக வளர்ந்த கிளையை வெட்டிவிடாமல், மெதுவாக வளைத்துப் படுக்கைவசமாக பால்கனிக் கம்பியோடு சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். நிமிர்ந்து நிற்கிற கிளையில் நுனி மொட்டு மட்டும்தான் துளிர்க்கும், கீழே இருக்கிற கண்களை அது அடக்கி வைத்திருக்கும். படுக்க வைத்ததும் அந்த அடக்குமுறை தளர்ந்து, ஒவ்வொரு இலைக் கணுவிலிருந்தும் சின்னக் கிளை நேராக மேலே எழும்பும், அதன் நுனியில் பூ வரும். முற்றிய கிளையை ஒரேயடியாக வளைத்தால் முறியும், அதனால் இளசாக இருக்கும்போதே ஆரம்பித்து ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை இறுக்கிக்கொண்டே போங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று ஐஸ்பெர்க். ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் 1958இல் வெளியிட்ட வெள்ளை ரோஜா, கொத்தாகப் பூக்கும், முள் குறைவு, உலகம் முழுக்க அரை நிழலுக்கு முதலில் சொல்லப்படுகிற பெயர்களில் ஒன்று. நம் சூட்டையும் தாங்கும். பெங்களூர் பக்க நர்சரிகளில் சுலபமாகக் கிடைக்கும், இங்கே பெரிய நர்சரிகளில் சொல்லி வைத்தால் தருவித்துக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் கரும்புள்ளி வரும், அப்போது அடி இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ரோஜா ஆர்வலர்கள் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் சீன ரோஜாக்களில் ஓல்ட் பிளஷ், முடாபிலிஸ் இரண்டுக்கும் குச்சி கேட்டுப் பாருங்கள். இவற்றுக்குக் குளிர்காலமே தேவையில்லை, ஓய்வில்லாமல் பூக்கும். முடாபிலிஸின் ஐந்து இதழ்ப் பூ மஞ்சளாக விரிந்து, ரோஸாகி, அடர் ரோஸாகி உதிரும், ஒரே செடியில் மூன்று நிறமும் ஒன்றாக நிற்பது அவ்வளவு அழகு.

இனி வாங்கக் கூடாதவை. நர்சரியில் "டச்சு ரோஜா" என்று விற்பதெல்லாம் பூங்கொத்துக்காக வளர்க்கிற வகைகள். ஓசூர் பக்கம் பசுமைக் குடில்களில் தாஜ்மஹால் மாதிரி ரகங்களை நீளக் காம்புக்காகவே வளர்க்கிறார்கள். அந்த ஊரின் இதமான குளிர், குடிலின் வெளிச்சம், சொட்டு நீர் உரம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பூ. நம் அரை வெயில் பால்கனியில் முதல் பூ உதிர்ந்த பிறகு அது மறுபடி எழுவது கஷ்டம்.

இணையத்தில் தேடினால் நிழல் ரோஜா என்று முதலில் வருவது ஸெஃபிரின் ட்ரூயான். 1868இல் பிரான்சில் வந்த, முள்ளே இல்லாத கொடி ரோஜா, வாசனையும் அருமை. ஆனால் கரும்புள்ளி நோய்க்குப் பேர்போனது, நம் மழைக்காலத்துக்கு அது தோதுப்படாது. ஆங்கிலப் பட்டியல்களைப் படிக்கும்போது எப்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே பிரச்சினை குளிரும் வெளிச்சக் குறைவும், இங்கே பிரச்சினை சூடும் ராத்திரி ஈரமும். கொடைக்கானலில் வீரராகவன் தம்பதி மணிப்பூர்ப் பக்கத்து ஜைஜான்டியா, வங்காளத்து ஈர நிலங்களில் வளரும் கிளினோஃபில்லா என்ற இரண்டு இந்தியக் காட்டு ரோஜாக்களை வைத்து வெப்ப நாட்டுக்கான புது ரகங்களைப் பல ஆண்டுகளாக உருவாக்கிவந்ததே இந்த வித்தியாசத்துக்காகத்தான். அந்த ரகங்கள் நம் தெரு நர்சரி வரை வந்தால் இப்படி நான் தேடித் தேடி எழுத வேண்டியிருக்காது.

அப்புறம், ஆன்லைனில் "நீல ரோஜா விதை", "ரெயின்போ ரோஜா விதை" என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். ரோஜா விதையிலிருந்து தாய்ச் செடி மாதிரியே வராது, அந்த நிறங்களும் உண்மையில் கிடையாது.

நர்சரியில் எப்படிப் பார்த்து எடுப்பது

முன் வரிசையில் பூத்துக் குலுங்குகிற செடியை எடுக்காதீர்கள். அது வெட்டவெளியில், முழு வெயிலில் வளர்ந்து லாரியில் வந்து இறங்கியது, அந்தப் பூவும் அங்கே சேர்த்த சத்தில் பூத்தது. உங்கள் நிழலுக்கு வந்ததும் இலையெல்லாம் கொட்டும். பின்னால் பச்சை வலைக்குக் கீழே கொஞ்ச நாளாகவே கிடக்கிற செடிகள் இருக்கும், அங்கே போய்ப் பாருங்கள். வலை நிழலில் இருந்தும் புதுத் துளிரும் சின்ன மொட்டும் விட்டிருக்கிற செடி எதுவோ அதுதான் உங்கள் செடி. நிழலைத் தாங்குமா என்ற பரிட்சையை அது ஏற்கெனவே எழுதிவிட்டது.

எடுத்த செடியைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்து இலைகளில் மஞ்சளோடு கறுப்புப் புள்ளி இருந்தால் வைத்துவிடுங்கள். தண்டின் நுனி கறுத்துக் கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டு வந்தாலும் வேண்டாம். ஒட்டுச் செடி என்றால் தண்டின் அடியில் முண்டு மாதிரி ஓர் இடம் தெரியும், அதற்கு மேலே குறைந்தது இரண்டு மூன்று கிளை இருக்க வேண்டும். முண்டுக்குக் கீழிருந்து வருகிற கிளை காட்டு ரோஜா, அது செடியையே விழுங்கிவிடும், அடியோடு பிய்த்து எடுக்க வேண்டும். ஒரே காம்பில் "ஏழு இலை வந்தால் காட்டு ரோஜா" என்று சொல்வார்கள், அதை நம்பி வெட்டாதீர்கள், நல்ல ரோஜாவிலும் ஏழு இலை வரும். கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் கணக்கு.

கவரை அழுத்திப் பாருங்கள். பல செடிகள் ஆந்திராவிலிருந்து இறுகிய களிமண் உருண்டையோடு வரும். வெயிலில் அந்தக் களிமண் காய்ந்துவிடும், நிழலில் காயவே காயாது, வேர் அழுகும். அதனால் வீட்டுக்கு வந்ததும் கவரைக் கிழித்து, ஒரு பக்கெட் தண்ணீரில் மண் உருண்டையை அரை மணி நேரம் ஊற வைத்து, வெளிப்புறக் களிமண்ணை மட்டும் கையால் கரைத்துவிடுங்கள். வேரை ஒட்டிய மண் அப்படியே இருக்கட்டும். இதைச் சாயங்காலம் செய்யுங்கள், சித்திரை, வைகாசி வெயிலில் செய்யவே வேண்டாம்.

வைத்த பிறகு

மண்ணைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை: செம்மண், ஆற்று மணல் அல்லது கோகோபீட், மக்கிய தொழு உரம், மூன்றும் கிட்டத்தட்ட சம அளவு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பன்னீருக்கும் ஐஸ்பெர்க்குக்கும் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாத தொட்டி. நிழல் இடத்துக்கு மண் தொட்டி நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் காயும்.

தண்ணீரில்தான் அரை வெயில் ரோஜா அதிகம் சாகிறது. மாடியில் இருக்கிற செடிக்குத் தினமும் ஊற்றுகிற மாதிரி இதற்கும் ஊற்றக் கூடாது. விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டு, உலர்ந்திருந்தால் மட்டும், காலையில், வேர்ப் பக்கம் ஊற்றுங்கள். சாயங்காலம் இலை நனைய ஊற்றுவது கரும்புள்ளியைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம்.

உரத்தையும் பாதியாகக் குறையுங்கள். யூரியா மாதிரித் தழைச்சத்து அதிகமுள்ள எதையும் போடாதீர்கள், ஏற்கெனவே வெளிச்சம் தேடி நீண்டுகொண்டிருக்கிற செடி இன்னும் ஒல்லியாக நீளும், அந்த இளசுத் தண்டில் அசுவினியும் சாம்பல் நோயும் வந்து சேரும். மாதம் ஒரு தடவை ஒரு பிடி மண்புழு உரம், கூடவே ஒரு ஸ்பூன் எலும்புத் தூள், அவ்வளவு போதும். பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் வெயில் இறங்கியதும் தெளித்தால் விடிவதற்குள் உலர்கிற மாதிரி லேசாக.

கவாத்தில் கை அடக்கம் வேண்டும். முழு வெயில் செடியைப் பாதிக்குப் பாதி வெட்டினாலும் அது திரும்பி வரும். அரை வெயில் செடிக்கு இலைதான் முதலீடு, அதைக் கண்டபடி வெட்டினால் மறுபடி எழ மாசக்கணக்கில் ஆகும். பூ உதிர்ந்ததும் அதற்குக் கீழே, ஒரே காம்பில் ஐந்து இலை இருக்கிற முதல் கணுவுக்கு மேலே நறுக்குங்கள், காய்ந்த குச்சியை எடுங்கள், உள்நோக்கி வளர்கிற ஒன்றிரண்டு கிளையை எடுத்துக் காற்று போக வழி விடுங்கள். வெட்டிய இடத்தில் மஞ்சள் குழைத்துத் தடவுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு, செய்யலாம். வெட்டிய பிறகு அடுத்த பூவுக்கு முழு வெயிலில் ஆறு ஏழு வாரம் ஆகும், உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகும், பொறுத்திருங்கள்.

வெளிச்சத்தைக் கூட்ட இரண்டு சின்ன வழிகள். செடிக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு வெள்ளை அடியுங்கள், அது திருப்பி அனுப்புகிற வெளிச்சம் கணிசமானது. வாரம் ஒரு தடவை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் செடி ஒரு பக்கமாகவே சாயும்.

மலை ஊர்கள் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஊட்டி, கொடைக்கானலில் வெயிலே மென்மையானது, பாதி நாள் மூட்டம் வேறு, அதனால் அங்கே நிழலில் வைக்கிற யோசனையே வேண்டாம். 1995இல் தொடங்கிய ஊட்டி அரசு ரோஜாப் பூங்கா மரத்தடியிலா இருக்கிறது? எல்க் ஹில் சரிவில் படிப்படியாக, திறந்த வெளியில்தான் இருக்கிறது. வேறு வழியில்லாமல் அரை நிழல்தான் வாய்க்கிறது என்றால், இங்கிலாந்துப் பாதிரியார் ஜோசப் பெம்பர்டன் உருவாக்கிய ஹைபிரிட் மஸ்க் வகைகளான பெனிலோப், கார்னீலியா, ஃபெலிசியா மூன்றும் அந்தக் குளிருக்கும் வெளிச்சக் குறைவுக்கும் பொருந்தும்.

கணக்கெடுத்துப் பார்த்ததில் வருஷம் முழுக்க மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் வெயில் என்றால், ரோஜாவுக்குச் செலவு செய்யாதீர்கள். அந்த இடத்தில் கனகாம்பரம் வையுங்கள், அரை நிழலில் அது சந்தோஷமாகப் பூக்கும். ரோஜாவை மாடியில் இடம் இருக்கிற பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, அவர்கள் தொட்டிகளோடு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் ஊற்றுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.